நெருப்பாங்குன்றின் காவல்

கோபுரத்தை விட்டு இறங்கி ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. லாஸ்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய இஃப்ஃபத்துக்கு அந்தக் கணக்கு எதற்காக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மதியம். தார் ரோடு இளகிக் கிடந்தது. துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் சந்துக்குள் நடந்தாள்.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் அந்தச் சந்தின் கடைசி வீடு. யாரும் குடியிருக்க விரும்பாத பழைய அரசாங்க வீடு. முன்னறையில் மேசைகளும் கம்ப்யூட்டரும் இருந்தன. பின்னால் இருந்த படுக்கையறையை இருட்டறையாக்கியிருந்தார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சுவருக்கும் கூரைக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அதுவும் கை தெரியும் அளவுக்குத்தான் எரியும்.

மணலுக்காகத்தான் அத்தனை இருட்டு. வெயில் பட்டால் மணல் பழசையெல்லாம் மறந்துவிடும். இருட்டில் அடைபட்ட நாளிலிருந்து மறுபடி கணக்கு வைக்கத் தொடங்கும். ஒரு சுவரின் சாந்துக்குள் இருக்கும் மணலை வெளிச்சமே படாமல் எடுத்துவந்து சோதித்தால், அது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். சுவர் எப்போது எழும்பியது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

சனிக்கிழமை அவர்கள் எடுத்துவந்த சாந்து நெருப்பாங்குன்றுக் கோபுரத்துடையது. செஞ்சி போகும் வழியில், ஊரைவிட்டு ஒதுங்கிய மொட்டைக் குன்று. அதன் உச்சியில் ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது அந்தக் கோபுரம். கீழே கருங்கல், மேலே செங்கல், உள்ளே ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. அங்கிருந்து பார்த்தால் எட்டுத் திசையும் தெரியும். எதிரிப் படை கண்ணில் பட்டால் மேல்தளத்தில் தீ மூட்டுவார்கள். அதைப் பார்த்து அடுத்த குன்றில் மூட்டுவார்கள். அப்படியே செய்தி பெரிய கோட்டைக்குப் போய்ச் சேரும். எந்த ராஜா காலத்தில் கட்டினார்கள் என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்கும் வேலை அன்பழகன் சாருக்குக் கிடைத்திருந்தது. அவரிடம் ஆராய்ச்சி உதவியாளர்களாக இருந்தது இரண்டு பேர். இஃப்ஃபத்தும் சுமலதாவும்.

இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் பிரான்ஸ். அங்கே ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சி, செலவெல்லாம் அவர்களே. இந்த வாரம் சார் ஒரு பெயரை அனுப்ப வேண்டும். அது சுமலதாவின் பெயர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இஃப்ஃபத் வெளிக்கதவைச் சாத்தினாள். உள்கதவைத் திறந்து நுழைந்து அதையும் சாத்தினாள். கண் பழகும்வரை அங்கேயே நின்றாள்.

"யாரடி கூட்டிட்டு வந்த?" என்றாள் சுமலதா உள்ளேயிருந்து.

யாரையும் இல்லை என்றாள் இஃப்ஃபத்.

"உள்கதவு ரெண்டு தடவ தொறந்து சாத்துற மாதிரி கேட்டுது. நீ வந்த, உன் பின்னாடி இன்னொரு ஆளு வந்தாங்க."

இஃப்ஃபத் உள்கதவைத் தடவிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. அவளுக்கு ஒரு வாசனை அடித்தது. எண்ணெய் கருகிய வாசனை. அதோடு ஈரக் கம்பளி, ஆட்டுப் புழுக்கை. அமிலமும் ஸ்பிரிட்டும் தவிர வேறு எதுவும் மணக்காத அறை அது.

சுவரோரம் நீண்ட மேசை சுமலதாவுடையது. கதவுப் பக்கம் இருந்தது இஃப்ஃபத்துடையது. நடுவில் ஒரு ஆள் நடக்க மட்டும் இடம். சுமலதா சாந்துத் துண்டின்மேல் அமிலத்தை விட்டாள். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும் சத்தம் இருட்டில் மெல்லக் கேட்டது.

நுரை அடங்கியது.

மூச்சு மட்டும் கேட்டது. சுமலதாவுடையது. இஃப்ஃபத்துடையது. அப்புறம் இன்னொன்று, மெதுவாக, நின்றுகொண்டே தூங்கும் ஆளின் மூச்சு மாதிரி.

சுமலதா சல்லடையைக் கேட்டாள். இஃப்ஃபத் எடுத்து நடு இடத்தின் குறுக்கே நீட்டினாள். வாங்க வேண்டிய கை வரவில்லை. சல்லடை எதன்மீதோ முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். புறங்கையில் சொரசொரவென்று ஏதோ உரசியது.

கம்பளி.

சல்லடை கீழே விழுந்து உருண்டது. தரையில் கம்பு ஊன்றியது போல டக்கென்று ஒரு சத்தம்.

இரண்டு பேரும் எப்படி வெளியே வந்தார்கள் என்று பிறகு இருவருக்குமே நினைவில்லை. முன்னறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வெயில் கொட்டியது. தண்ணீரைக் குடித்துவிட்டு முதலில் சிரித்தது வழக்கம் போலச் சுமலதாதான். குன்றிலிருந்து ஏதோ அவளோடு வந்துவிட்டதாம். அங்கே ஏறும்போதே யாரோ மேலிருந்து பார்ப்பது போல இருந்ததாம்.

"அழகா இருந்தா இதாண்டி தொல்ல. மனுசனுங்க போதாதுன்னு இது வேற."

ராத்திரி தூங்கினாயா என்று கேட்டாள் இஃப்ஃபத். சனியும் ஞாயிறும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாளாம். அவள் தங்கியிருக்கும் அறையில் எந்தச் சத்தமும் இல்லை, கனவுகூட இல்லை.

இஃப்ஃபத் அதை நம்பவில்லை. வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சுமலதா கிளம்பிவிட்டாள். அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமே இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால்தான் போய்விட்டாள் என்று தெரியும். சார்கூட அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

தனியாக உட்கார்ந்திருந்த இஃப்ஃபத்துக்குப் பயத்துக்கும் அடியில் வேறு ஒன்று எரிந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். காலேஜில் முதல் வருஷத்திலிருந்து கூடவே இருக்கிறது. ஒரே பாடம், ஒரே மார்க். ஆனால் சார்கள் கேள்வி கேட்பது சுமலதாவை. கேன்டீனில் இடம் பிடித்து வைப்பது சுமலதாவுக்கு. இஃப்ஃபத் மூன்று வருஷம் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தாள். சுமலதாவுக்குத் தெரிந்தது நன்றி சொல்லும் மெர்சி ஒன்றுதான். பிரான்ஸ் போவது அவள்.

இப்போது பேய்கூட அவளைத்தான் தேடி வந்திருக்கிறது.

*

சனிக்கிழமை விடிகாலையில் குன்று ஏறும்போது சாமான்களைத் தூக்கி வந்தது அன்னக்கிளி. அடிவாரத்து ஊர்க்காரி, நாற்பது வயசு இருக்கும். குன்றில் ஆடு மேய்ப்பவள். சுமலதா முன்னால் போனில் சாரிடம் பேசிச் சிரித்துக்கொண்டே ஏறினாள். சிரிப்பு பாறையில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்தது. "பாஸ்போர்ட் ரெடி சார்" என்றாள். இஃப்ஃபத் குனிந்த தலை நிமிராமல் நடந்தாள்.

பாதியில் மூச்சு வாங்க நின்றபோது அன்னக்கிளி ஒரு விஷயம் சொன்னாள்.

"மேலேர்ந்து எறங்கும்போது போறேன்னு சொல்லிட்டு எறங்கணும். வாய தொறந்து சொல்லணும். போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிடாத."

இஃப்ஃபத்துக்கு விநோதமாக இருந்தது. போகிறேன் என்று சொன்னால் அவள் வீட்டில் அம்மா நபீசா வாயிலேயே அடிப்பாள். எந்த வீட்டிலும் அப்படித்தான். போயிட்டு வரேன் என்பதுதான் நாக்கில் தானாக வரும் வார்த்தை.

அன்னக்கிளி கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னாள். எந்தச் சண்டையோ, எந்த ராஜாவோ. கீழே இருந்த படை ஒரு சாயங்காலம் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பியது. மேலே காவலில் ஒருத்தன் இருந்தான். அவனை இறங்கி வரச் சொல்லி இன்னொரு சிப்பாயை அனுப்பினார்கள். மேலே இருந்தவனுக்குத்தான் அடுத்து காவல் தலைவன் பதவி வருவதாக இருந்தது. ஏறிப்போனவனுக்கு அது வயிற்றெரிச்சல். அவன் மேலே போய் உட்கார்ந்து பேசினான். இருந்த கூழை இரண்டு பேரும் பங்கிட்டுக் குடித்தார்கள். படை கிளம்பியதைச் சொல்லவே இல்லை. நான் போயிட்டு வரேன், அதுவரைக்கும் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

மேலே இருந்தவன் காத்திருந்தான். பல ராத்திரி தீ எரிந்ததை ஊர் பார்த்தது. பிறகு எரியவில்லை. அவன் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

"அதனாலதான் யாரும் வரேன்னு சொல்றதில்ல. சொன்னா நெசம்னு நம்பிகினு நிப்பான். பாவம். அதுக்கு மேலயும் யாராச்சும் தெரிஞ்சே இன்னொருத்தர வரேன்னு சொல்லவெச்சா எறங்கி வந்துடுவான்னு சொல்லுவாங்க." சும்மாட்டைச் சரி செய்துகொண்டே அவள் சொன்னாள். "அந்தப் பொண்ணு காதுலயும் போட்டுடு. போன வெக்கவே மாட்டேங்குது."

இஃப்ஃபத் தலையாட்டினாள்.

மேலே தடித்த கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சுவரிலிருந்து சாந்தைப் பெயர்த்தார்கள். வெளிச்சுவர் இஃப்ஃபத்துக்கு. உள்சுவர், அதாவது யாரும் தொடாத நல்ல சாந்து, சுமலதாவுக்கு. சார் போனில் அப்படித்தான் பங்கு போட்டிருந்தார். துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் போட்டு முடித்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது. அன்னக்கிளி ஆடு ஒன்றைத் தேடிப் பக்கத்துப் பாறைக்குப் போயிருந்தாள்.

இஃப்ஃபத் வாய்க்குள் போறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால், மேல்தளத்து வாசலில், சுமலதா சுவரில் உள்ளங்கையை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்.

"போயிட்டு வரேன்."

கோபுரத்துக்குள் அந்தக் குரல் ஒருமுறை சுற்றியது. எதிரொலி வரவில்லை. அத்தனை நேரம் இருவர் பேசியதற்கும் எதிரொலி வந்துகொண்டிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை இருட்டறைப் பக்கம் இரண்டு பேரும் போகவில்லை. சாயங்காலம் சுமலதா மீன் வாங்க வைத்திக்குப்பம் போகலாம் என்றாள். தனியாகப் போக அவளுக்கு மனசில்லை. இஃப்ஃபத் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள்.

"வெயிட் போட்டுட்டியாடி? வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றாள் சுமலதா.

சிக்னலில் திடீரென்று பிரேக் பிடித்தபோது இஃப்ஃபத் முன்னால் சரிந்தாள். சுமலதாவின் முதுகில் மோதியிருக்க வேண்டும். மோதவில்லை. அவளுக்கும் சுமலதாவுக்கும் நடுவில் அரை சாண் இடம்கூட இல்லை. அந்த இடத்தில் எதுவோ அவளைத் தடுத்து நிறுத்தியது. சொரசொரப்பாக, கெட்டியாக, சில்லென்று. சுற்றிலும் சாயங்கால வெயில், ஹார்ன் சத்தம், பக்கத்து வண்டியில் ஐஸ்கிரீம் தின்னும் குழந்தை. அந்தக் குழந்தை இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பச்சை விழுந்தது. இஃப்ஃபத் இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை பின்னால் நகர்ந்தாள்.

வைத்திக்குப்பத்தில் படகுகளை ஏற்றிவிட்டு மணலிலேயே கூடை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். சுமலதா வழக்கமாக வாங்குவது ஆயம்மாவிடம். சங்கரா மீன் விலையைப் பேசிக்கொண்டிருந்தபோது ஆயம்மா தலை நிமிராமல், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மீன் மேல நிழல் விழுது என்றாள்.

இரண்டு பேரும் கூடைக்குக் கிழக்கே, கடலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள். அவர்களுடைய நிழல் பின்னால் அலைப்பக்கம் போயிருந்தது.

கூடைமேல் வேறொரு நிழல் கிடந்தது. அகன்ற தோள். தோளுக்கு மேலே தடித்த கம்பு ஒன்றின் நிழல். அது இருவருக்கும் நடுவில் நேராக நீண்டு போயிற்று.

ஆயம்மா நிமிர்ந்து பார்த்தாள். மீன்களைக் கூடையோடு இழுத்து முந்தானையால் மூடினாள். இன்னைக்கு மீன் இல்லை, போங்க என்றாள்.

சுமலதா அப்போதுதான் அழுதாள். எட்டு வருஷப் பழக்கத்தில் அவள் அழுது இஃப்ஃபத் பார்த்ததில்லை. படகு ஒன்றின் ஓரமாக உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு, அந்த இருட்டறைக்குள் இனிமேல் கால் வைக்க முடியாது என்றாள். இஃப்ஃபத் அவள் தோளில் கை வைக்க நினைத்தாள். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. எதிலோ முட்டி நின்றதா, தானாக நின்றதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்திலும் அவள் மனசின் ஒரு மூலை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. பிரான்ஸில் ஆறு மாதமும் இருட்டறையில்தான் வேலை.

*

புதன்கிழமை அதுதான் நடந்தது. சுமலதா சாரிடம் போய்த் தனக்கு இருட்டில் மூச்சு முட்டுகிறது என்றாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல அவளுக்கு வெட்கம். சார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு இஃப்ஃபத்தைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெயரை அனுப்புவாராம்.

நெல்லித்தோப்பு வீட்டுக்கு அன்று இஃப்ஃபத்தைப் பெற்ற அத்தா ஷஹாபுதீன் மிக்ஸி ரிப்பேர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். வரும்போது வாங்கி வந்த அல்வாவை முதலில் இஃப்ஃபத் வாயில் ஊட்டினார். அம்மா, அவளுக்குப் பேசிவைத்திருந்த கடலூர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிப் போன் பண்ணினாள். இந்த வீட்டில் ஒரு பெண் விமானம் ஏறுவது இதுவே முதல் தடவை. இஃப்ஃபத் சிரித்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து ஆசைப்பட்டது இந்தப் பார்வையைத்தான்.

வீட்டில் எந்த வாசனையும் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். உள்சுவர்ச் சாந்தைச் சுமலதா ஒப்படைக்க வேண்டும். எந்தக் கிண்ணத்தில் எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவற்றை வெளியே எடுத்து வரவும் முடியாது. அஞ்சு நிமிஷம், காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள் இஃப்ஃபத். சுமலதா ரொம்ப நேரம் கதவையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

வெளிக்கதவு. உள்கதவு. சிவப்பு விளக்கு.

சுமலதா முன்னால் போய்த் தன் மேசைப் பக்கம் நின்றாள். இஃப்ஃபத் கதவுக்கு ஒரு கை தூரத்திலேயே நின்றுகொண்டாள். முதல் கிண்ணம், இரண்டாவது கிண்ணம் என்று சுமலதா காட்டிக்கொண்டே வந்தாள். குரல் நடுங்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம்தான் இருந்தது.

எண்ணெய் கருகும் வாசனை வந்தது.

சுமலதா நிறுத்தினாள்.

அமிலம் எதுவும் விடவில்லை. ஆனாலும் எங்கோ நுரைக்கும் சத்தம். சுவர் கரைவது போல.

டக்.

நடு இடத்தில், தரையில்.

விளக்கின் சிவப்பு பாதியாகக் குறைந்தது. விளக்கு மங்கவில்லை. அதற்கு முன்னால் எதுவோ நின்றது. இஃப்ஃபத் பின்னால் நகர்ந்து கதவில் முதுகை வைத்தாள். கைப்பிடி கைக்குக் கிடைத்தது. திருகினால் போதும். திறந்துவிடும்.

"சுமா, வந்துடுடி. கதவுகிட்ட வா" என்று கிசுகிசுத்தாள்.

சுமலதா இருந்த இடத்திலேயே நின்றாள்.

"இஃப்ஃபத்." சுமலதாவின் குரலில் பயம் இல்லை. அதுதான் இஃப்ஃபத்தைக் குளிர வைத்தது. "நேத்து ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். நான் தனியா இருந்தப்ப ஒரு தடவகூட வரல. என் ரூமுக்கு வரல. நீ இருக்கும்போது மட்டும்தான் வர்றான்."

இஃப்ஃபத் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு எப்பவும் முதுகுதாண்டி தெரியுது. இப்பவும். கம்பளி போத்தின முதுகு. அவன் மூஞ்சி உன் பக்கம் இருக்கு."

மூச்சு கேட்டது. மெதுவாக, பொறுமையாக. இஃப்ஃபத்துக்கு நேர் எதிரே, முகத்துக்கு மிக அருகில்.

அப்போது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வாங்க வராத கை. ஸ்கூட்டரில் நடுவில் இருந்தது. கூடைமேல் இருவருக்கும் குறுக்கே விழுந்த நிழல். அவன் சுமலதாவைப் பிடிக்க வரவில்லை. அவளுக்குக் காவல் நிற்கிறான். எதிரி வரும் திசையைப் பார்த்து நிற்பதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. கூட உட்கார்ந்து கூழ் குடித்துவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இறங்கிப் போன ஒரு முகத்தை அவன் எத்தனையோ காலமாக இருட்டில் நினைவு வைத்திருக்கிறான்.

கைப்பிடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. திருகி வெளியே போய்விடலாம். வெளியே வெயில் இருக்கிறது. நாலு மணிக்குச் சார் பெயரை அனுப்புவார். அத்தா இந்நேரம் நெல்லித்தோப்பு முழுக்கச் சொல்லி முடித்திருப்பார். வாயை மூடிக்கொண்டால் எல்லாம் அவளுடையது.

"ஏண்டி உன்னப் பாத்துக்கிட்டு நிக்கிறான்?" என்றாள் சுமலதா. "அந்தக் குன்றுல நாம என்ன பண்ணினோம்?"

டக்.

இந்த முறை சத்தம் இஃப்ஃபத்தின் கால் விரல்களுக்குப் பக்கத்தில் கேட்டது. கம்பளியின் ஈரம் முகத்தில் பட்டது. விளக்கு முழுசாக மறைந்துவிட்டது.

கைப்பிடியிலிருந்து இஃப்ஃபத்தின் கை தானாக நழுவியது.

"நாம இல்ல" என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக அவளே கேட்டதில்லை. "அந்த வார்த்தைய அங்க சொல்லக் கூடாதுன்னு அன்னக்கிளியக்கா என்கிட்ட சொன்னாங்க. உன் காதுல போடச் சொன்னாங்க. நான் போடல."

எதிரில் இருந்த மூச்சு நின்றது. விலகவில்லை. மிச்சத்தைக் கேட்க நின்றது.

"நீ எப்பவும் போலச் சொல்லிக்காமத்தான் எறங்கின, சுமா. நான்தான் உன்ன நிறுத்துனேன். போயிட்டு வரேன்னு கோபுரத்துக்கிட்ட சொல்லிட்டு வா, நல்லதுன்னு சொல்லி உன்ன மேல திருப்பி அனுப்புனது நான்தான்."